ஒருமுறை தட்டினால் ஓம்

ஜேர்மனி
12 செப்டெம்பர் 2004

இஞ்சாருங்கோ,

நீங்களும் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதத் தொடங்குகிறேன். வேறு விதமாக நினைத்தால் பேனா நகராது. நான் சுகம். அறை ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிறது. விடியப்புறம் பாண் வாசனை படியேறி வந்து கதவுக்குக் கீழால் உள்ளே நுழைகிறது. யன்னலைத் திறந்தால் ஆறு. காலையில் ஆற்றின்மேல் பனிப்புகார் மூடிக் கிடக்கும்போது பாலத்தில் போகிறவர்களின் தலைகள் மட்டும் தெரிகின்றன. முதல் மூன்று நாளும் நான் விழித்திருக்கிறேனா, இன்னும் விமானத்தில் நித்திரையா என்று எனக்கே நிச்சயமாக இருக்கவில்லை.

முழுக்கப் பாட்டாலேயே நாடகம் போடுகிற இந்தத் தியேட்டர் சின்னதுதான், ஆனால் உள்ளே போனால் வழி தவறிவிடும். படிகள், கண்ணாடிகள், ஒருவரும் இல்லாத அறையில் யாரோ பியானோ வாசிக்கிற சத்தம். உடுப்புத் தைக்கிற அம்மா என் கழுத்தை அளந்துவிட்டு, திரும்பவும் அளந்து பார்த்தார். வாசற்பலகையில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்: யூஜினி எமிலியானுஸ், சொப்றானோ. பெண்குரல்களில் ஆக உயரத்துக்குப் போகிற குரலுக்கு அப்படித்தான் பெயர் என்று உங்கள் அக்காவுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். மன்னாரில் பிறந்த உங்களுடைய பெயர் ஜேர்மன்காரரின் சுவரில் தொங்குகிறது. போகிற வருகிற நேரமெல்லாம் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயம், கோபிக்கக் கூடாது. மேடை உள்ள நாளும் அதற்கு முதல்நாளும் நான் கதைக்கக் கூடாது என்று இங்குள்ள தொண்டை வைத்தியரும் சொல்லிவிட்டார். மொன்றியலில் என் ரீச்சர் சொன்னதும் இதுதானே. குசுகுசுப்பது இன்னும் கெடுதலாம். ஆகையால் நீங்கள் ரெலிபோன் எடுங்கள், நான் தூக்குவேன். நீங்கள் கதையுங்கள், ஜெசிக்கா கதைக்கட்டும். நான் றிசீவரில் விரலால் தட்டுவேன். ஒருமுறை தட்டினால் ஓம், இரண்டு முறை தட்டினால் இல்லை. அதற்குமேல் சொல்ல வேண்டியதெல்லாம் கடிதத்தில்.

ஒப்பந்தம் ஒரு வருடம். அதற்குப் பிறகு உங்கள் விருப்பம்போலச் செய்வோம்.

பிள்ளைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

உங்கள்
யூஜினி


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
10 ஒக்ரோபர் 2004

அன்பின் யூஜினிக்கு,

கடிதம் கிடைத்தது. பெண்சாதி வாய் திறக்காமல் இருக்க வேண்டுமென்று நேர்த்தி வைக்கிற ஆம்பிளைகள் உலகத்தில் இருக்கிறார்களாம். எனக்கு அது கேளாமலே கிடைத்துவிட்டதாம். சொன்னது தியாகலிங்கம். டோர்வல் விமான நிலையத்தில் என்னோடு பெட்டி ஏற்றுகிறவன், உமக்குத் தெரியும்தானே. வாய் இப்படி இருந்தாலும், சென்-றெஜி முருகன் கோவிலில் உம்முடைய தொண்டைக்கு அர்ச்சனை செய்துவிட்டுத்தான் வந்தான். றோஸ்மேரி அக்கா தன் பங்குக்கு மலைமேல் சூசையப்பர் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினா. இரண்டு பக்கமும் சொல்லி வைத்தாயிற்று. இனி நீர் பயப்பட வேண்டாம்.

ஜெசிக்கா பள்ளிக்கூடத்துக்குப் பழகிவிட்டாள். பின்னேரம் நான் வரும்வரை அக்கா வீட்டில் நிற்கிறாள். போன ஞாயிறு ரெலிபோனில் நீர் தட்டியதைக் கேட்டுவிட்டு, "அப்பா, அம்மா பெட்டிக்குள்ளயா இருக்கிறா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். பிறகு அவ்வளவு சிரிப்பாக இருக்கவில்லை. தன்னுடைய பிங்க் சிலேற்றை, எழுதிவிட்டு இழுத்தால் அழிந்துபோகுமே அதை, உமக்கு அனுப்பச் சொல்லி ஒரே பிடிவாதம். "அம்மா அதில எழுதிக் கதைக்கட்டும். எனக்கு வேண்டாம், நான் பெரிய பிள்ளை." இந்தப் பார்சலில் இருக்கிறது. மூலையில் அவள் ஒட்டிய வண்ணத்துப்பூச்சியை உரிக்க வேண்டாமாம்.

நிலக்கீழ் அறையில் உம்முடைய வேலை நடக்கிறது. சுவரெல்லாம் தக்கை ஒட்டிவிட்டேன். உள்ளே நின்று நான் கத்தினேன், பக்கத்து வீட்டு நாய் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே வேலை சரி. இனிக் கூரையும் கதவும்தான் பாக்கி. நீர் திரும்பி வந்ததும் அதற்குள் நின்று எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பாடலாம்.

அந்த அறையில் ஆணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு 96ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளிதான் நினைவுக்கு வருகிறது. கோயிலில் தூணுக்குப் பின்னால் நின்றேன். மேல் மாடியில் யாரோ மாதாவின் அழுகையைப் பாடினார்கள். எட்டிப் பார்த்தேன், தூண் மறைத்தது. குரலைத்தான் முதலில் கட்டினேன், ஆளைப் பிறகுதான் பார்த்தேன். இப்படி ஏமாந்தவன் மொன்றியலில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

பிராங்போட் விமானத்துக்குப் பெட்டி ஏற்றும்போது ஏதாவது ஒரு பெட்டியை விரலால் ஒருமுறை தட்டிவிடுகிறேன். எதற்கு என்று தியாகலிங்கத்துக்கு நான் சொல்லவில்லை.

கம்பியூட்டரில் தமிழ் அடிக்க எனக்கு வராது. இந்தக் கோழிக்கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளும்.

எமில்


ஜேர்மனி
5 டிசெம்பர் 2004

இஞ்சாருங்கோ,

இருந்து வாசியுங்கள். பெப்ரவரியில் நான் மொன்றியலுக்கு வருகிறேன். விடுமுறைக்கு இல்லை, பாட! அங்கே பாட இருந்த பெண் பிள்ளை பெறப் போகிறாளாம். என்னைக் கேட்டிருக்கிறார்கள், இங்கும் விடுகிறார்கள். கணவனின் மனம் மாறிப்போன ஒரு சீமாட்டியின் பாகம். மூன்றாம் அங்கத்தில் தனியே நின்று பாட வேண்டும். பாட்டின் கடைசியில் ஒரு சுரம் உண்டு. அதை நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை. மூன்று கிழமை வீட்டிலேயே தங்கலாம். நம்முடைய கட்டிலில் படுத்தெழும்பி, நம்முடைய பஸ்சில் ஏறிப்போய், அந்தப் பெரிய மேடையில் பாடுவேன்.

இரவில் கண்ணை மூடினால், நீங்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். கலியாணத்துக்குப் போட்ட கோட்டு, மடியில் ஜெசிக்கா. சில இரவுகளில் தியேட்டருக்குள்ளேயே வெண்பனி கொட்டுகிறது. யாரும் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

முதல் காட்சிக்கு உங்களுக்கும் பிள்ளைக்கும் இரண்டு இருக்கை தருவார்கள். அதற்கு இரண்டு நாள் முந்திக் கடைசி ஒத்திகை. உடுப்பு, வெளிச்சம், வாத்தியம் எல்லாம் சேர்ந்து நடக்கும். அதற்குக் குடும்பத்தவர்கள் வரலாம் என்றும் சொன்னார்கள். உங்களுக்கு வசதிப்பட்டால் வாருங்கள். உங்கள் விருப்பம்.

சிலேற்று கிடைத்தது. வண்ணத்துப்பூச்சி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உங்கள்
யூஜினி


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
9 ஜனவரி 2005

அன்பின் யூஜினிக்கு,

"விருப்பமா" என்று ஒரு கேள்வியா? ஒத்திகைக்குக் குடும்பத்தவர் வரலாம் என்ற செய்தியைக் கோயிலில் சொல்லிவிட்டேன். பூசை முடிந்து வாசலில் நின்ற எல்லோரும் கைகொடுத்தார்கள். பாடகர் குழுவை நடத்துகிற இந்திராதேவி அக்கா கண் கலங்கி, "எங்கட மாடியில பாடின பிள்ளையெல்லே!" என்றா. மிச்சத்தை நீர் வந்து பாரும். நான் இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன்.

கோட்டுக்கு இடுப்பில் தையல் பிரிக்க வேண்டியிருக்கிறது. அது உம்முடைய கனவில் தெரிந்திராது.

எமில்


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
6 மார்ச் 2005

யூஜினிக்கு,

நீர் போய் ஒரு கிழமையாகிறது. வீட்டில் நின்ற நாட்களில் வாயால் பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் நீர் பேசக்கூடிய நாள் என்று ஒன்று அகப்படவேயில்லை. சிலேற்றில் எழுதி நீட்டினீர். அதை வாசிக்கிற மனநிலையில் நான் இருக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

குடும்பத்தவர் வரலாம் என்று எழுதியது நீர். குடும்பம் என்றால் எங்களுக்கு என்ன என்று உமக்குத் தெரியாதா? அக்கா, அத்தார், பாடகர் குழு முழுவதும், பூசை வைக்கிற சுவாமி, தியாகலிங்கம் வீட்டார், பிள்ளைகள் என்று ஒரு மஞ்சள் பள்ளிக்கூட பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பெண்கள் கூறைச்சேலைக்கு மேலே குளிர்க்கோட்டும் கீழே பனிச்சப்பாத்துமாக வந்து, வாசலில் நின்று சப்பாத்தை மாற்றினார்கள். அக்கா ஒரு பெட்டி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்திருந்தா. அதை உள்ளே விடவில்லை; சுவாமி கோட்டுக்குள் நாலைந்தை ஒளித்துவைத்தார். அவ்வளவு சந்தோஷமாக வந்தோம், யூஜினி.

திரை விலகியது. மற்றவர்கள் பாடினார்கள், கூரை அதிர்ந்தது. நீர் நீலச் சட்டையில் வந்தீர். நாங்கள் எல்லோரும் முன்னுக்குச் சரிந்தோம். உம்முடைய வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வந்த கொஞ்சமும் வாத்தியத்துக்குள் அமிழ்ந்துபோய்விட்டது. மூன்றாம் அங்கத்தில் அந்தச் சுரத்துக்காக நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். நீர் கையை மட்டும் மேலே தூக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டீர்.

திரும்பி வரும்போது நாற்பதாம் நெடுஞ்சாலைக்கு வரும்வரை சுவாமி அந்த நாலைந்து ரோல்ஸையும் பாதியாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு இந்திராதேவி அக்கா, "பாவம் பிள்ளை, குளிர் தொண்டையைக் குடிச்சுப்போட்டுது" என்றா. என் அக்கா சன்னமாகத்தான் கேட்டா, ஆனால் பஸ் முழுக்கக் கேட்டது. "இதுக்கே தம்பி, அந்தப் பச்சைப்பிள்ளையை விட்டிட்டுப் போனவள்?" ஜெசிக்கா என் மடியில் நித்திரை. அவள் நித்திரை என்றுதான் நினைத்தேன்.

முதல் காட்சி நாளில் எனக்குத் திடீரென்று வேலை வந்ததாகச் சொன்னேனே, அது நானாகக் கேட்டு வாங்கிய வேலை. இன்னொருமுறை அந்த இருக்கையில் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

எமில்


ஜேர்மனி
20 மார்ச் 2005
குருத்து ஞாயிறு

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதத்தைப் பாலத்தில் நின்று வாசித்தேன். அறைக்குப் போய் வாசிக்கப் பயமாக இருந்தது.

நான் பாடவில்லை என்பது உண்மை. என் குரலுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதும் உண்மை. எங்கள் தொழிலில் அதற்கு அரைக்குரல் என்று சொல்வோம். காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சளித்தடிமனும் பிடித்திருந்தால், ஒத்திகையில் குரலைச் செலவழிக்கமாட்டோம். நடப்போம், கை அசைப்போம், சொற்களைச் சொல்லிக்கொண்டு போவோம், உயரமான இடங்களில் வாயை மூடிக்கொள்வோம். வாத்தியக்காரருக்கும் அது தெரியும். கலியாணத்துக்கு முதல்நாள் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு யாராவது அடுப்படியில் நிற்பார்களா? அப்படித்தான் இதுவும். அன்று காலை வாத்தியக்காரரை நடத்துகிறவர்தான் "இன்றைக்குக் குரலைத் தொடாதே" என்றார். நீங்கள் பஸ் பிடித்து வருவீர்கள் என்று எனக்கு யார் சொன்னது? வந்தாலும் நீங்களும் பிள்ளையும் அக்காவும்தான் என்றிருந்தேன். மேடைக்கு வந்து பார்த்தால் வெளிச்சத்துக்கு அப்பால் சேலைக்கரைகள் மினுங்குகின்றன. இந்திராதேவி அக்காவின் மூக்குத்தி தெரிந்தது.

அந்த நிமிடம் முழுக்குரலையும் எடுத்திருக்கலாம். நெஞ்சுக்கூடு வரைக்கும் வந்தது. எடுத்திருந்தால் முதல் காட்சிக்கு எனக்குத் தொண்டை இருந்திராது. தெரிந்துதான் விழுங்கினேன்.

முதல் காட்சியில் பாடினேன். அந்தச் சுரத்தைப் பிடித்தேன், விடவேயில்லை. அது என்னிடமிருந்து வருகிறதா, நான்தான் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறேனா என்று தெரியவில்லை. ஆட்கள் எழுந்து நின்றார்கள். முன்வரிசையில் இரண்டு இருக்கை வெறுமையாக இருந்தது. எழுந்து நிற்காதவை அவை இரண்டும்தான்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் எழுதி வளர்க்க விருப்பமில்லை. பெரிய வெள்ளி வருகிறது. பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

யூஜினி


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
17 ஏப்ரல் 2005

அன்பின் யூஜினிக்கு,

அரைக்குரல் என்றால் என்னவென்று அக்காவுக்கும் இந்திராதேவி அக்காவுக்கும் விளங்கப்படுத்திவிட்டேன். இந்திராதேவி அக்கா, "அப்ப எங்கட குழு இருவது வரிசமா அரைக்குரலிலதான் பாடுது" என்று சிரித்தா. அந்த மனஸ்தாபம் முடிந்துவிட்டது. உம்மைக் கேளாமல் பஸ் பிடித்தது என் பிழைதான். முதல் காட்சிக்கு வராதது அதைவிடப் பெரிய பிழை.

ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. பெட்டி தூக்கும்போதும் அதுதான், கார் ஓட்டும்போதும் அதுதான். ஜெசிக்காவின் ஞானஸ்நானத்தில் எல்லோரும் பாட நீர் வாயை மட்டும் அசைத்தது நினைவிருக்கிறதா? இரண்டு நாளில் உமக்குப் பரீட்சை. என் அம்மாவை அடக்கம் செய்த அன்று சுவாமி உம்மைப் பாடச் சொன்னார். அப்போதும் ஏதோ ஒன்று இருந்தது, நீர் தலையசைத்து மறுத்தீர். நான் கோபிக்கவில்லை, உம்முடைய தொழில் அது. நீர் சிரித்தால் கையால் வாயைப் பொத்துவீர். சண்டை பிடித்தால் பாதியில் நிறுத்தி, "சரி, உங்கட விருப்பம்" என்பீர். கலியாணம் கட்டி எட்டு வருடம். 96ஆம் ஆண்டு தூணுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சத்தத்தை நான் எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் கேட்டதில்லை.

எல்லாம் இன்னொரு நாளுக்காக எடுத்து வைக்கிறீர் என்று விளங்குகிறது. எங்களுடைய நாள் எது? இந்த வீடு உமக்கு ஒத்திகைதானா, யூஜினி?

இதைக் கோபத்தில் எழுதவில்லை. தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நிலக்கீழ் அறைக்குக் கூரை போட்டுவிட்டேன். கதவு இன்னும் வாங்கவில்லை.

எமில்


ஜேர்மனி
8 மே 2005

இஞ்சாருங்கோ,

உங்கள் கேள்விக்கு எத்தனையோ தரம் எழுதத் தொடங்கி மடித்து வைத்துவிட்டேன். இன்றைக்கும் பதில் தெரியாது. ஆறு நிறைய வெள்ளைப் பூக்கள் மிதந்து போகின்றன. எந்த மரத்தினுடையவை என்று தெரியவில்லை. யன்னலில் இருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே அரைநாள் போய்விட்டது.

தியேட்டரில் என்னைக் கூப்பிட்டார்கள். இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள், பெரிய பாகங்கள் தருவார்களாம். ஜூன் மாதம் முடியுமுன் கையெழுத்து வைக்க வேண்டும். எனக்கு முப்பத்திமூன்று வயது. இந்தக் குரல் இப்போதுதான் பழுத்து வருகிறது என்று ரீச்சர் எழுதியிருக்கிறா.

நீங்கள் வரச் சொன்னால் வந்துவிடுகிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கலாம். கோயில் பாடகர் குழுவும் இருக்கிறது. இருக்கச் சொன்னால் இருக்கிறேன். எதுவானாலும் உங்கள் விருப்பம்.

அதே நாடகத்தை இங்கும் போடுகிறோம். இந்த மாதம் முழுக்கக் காட்சி, ஆகையால் ரெலிபோனில் தட்டத்தான் முடியும்.

உங்கள்
யூஜினி


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
25 மே 2005

அன்பின் யூஜினிக்கு,

உமக்குத் தெரியாத ஒரு விஷயம். போன ஞாயிறு நான் உம்முடைய ஊரில் நின்றேன்.

விக்ரோறியா நாள் என்று திங்களும் லீவு. இடம் மிஞ்சினால் ஏற்றிக்கொள்வார்களே, எங்களுக்குத் தருகிற அந்த ரிக்கற்றில் பிராங்போட் விமானத்தில் ஏறினேன். ஜெசிக்காவை அக்காவோடு விட்டேன். அக்காவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். வழியில் சாப்பிட ரோல்ஸ் தந்தா. யன்னலுக்கு வெளியே பார்த்தால் தியாகலிங்கம் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறான். மேலே நான் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. கண்ணாடியில் ஒருமுறை தட்டினேன்.

ரெயிலால் இறங்கி நடந்தபோது உம்முடைய கடிதத்துக்குள்ளேயே நடப்பது போல இருந்தது. பாலம் இருந்தது, பேக்கரி இருந்தது. தண்ணீரில் அந்த வெள்ளைப் பூக்கள் இன்னும் போய்க்கொண்டிருந்தன. நித்திரை இல்லாத கண்ணுக்கு எல்லாம் ஒரு முழம் உயரத்தில் நிற்பதாகத் தெரிந்தது. கீழே இருந்து கோப்பி குடித்தேன். மேலே உம்முடைய அறையில் நீர் நடக்கிற சத்தம் கேட்டது. குதிக்கால் முதலில், பிறகு விரல். அது நீர்தான். படிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஆனால் பின்னேரம் உமக்கு மேடை. என்னைக் கண்டால் நீர் கட்டாயம் கதைத்துவிடுவீர். ஏறாமல் திரும்பிவிட்டேன்.

மேல்தட்டில் கடைசி இடம்தான் கிடைத்தது. போய் இருந்தால், முன்னால் ஒரு தூண்! இந்தப் பிறவியில் உம்மைத் தூணில்லாமல் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. எழுந்து இடம் மாறலாமா என்று பார்த்தேன். பிறகு, இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் அங்கத்தில் நீர் பாடினீர். எனக்கு மொழி விளங்காது. அது வந்து என் மடியில் இருந்தது, யூஜினி. வேறு எப்படிச் சொல்வது? ஜெசிக்கா பிறந்த அன்று அவளைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார்கள், அப்படி ஒரு பாரம். அந்தக் கடைசிச் சுரம் போய்க்கொண்டே இருந்தது. நான் கோயிலில் நின்றேன். அம்மாவின் பிரேதப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மன்னாரில் கடலுக்குள் இடுப்பளவில் நின்றேன். பக்கத்தில் இருந்த ஜேர்மன்காரர் தன் லேஞ்சியை எடுத்து என் கையில் வைத்தபோதுதான் நான் அழுகிறேன் என்று தெரிந்தது. எங்களுக்கு நீர் பாடாமல் விட்டதெல்லாம் அதற்குள் இருந்தது.

வெளியில் வந்து, தெருவுக்கு அந்தப் பக்கம் மரத்துக்குக் கீழே நின்றேன். வெயில் இன்னும் இருந்தது. பக்கத்துக் கதவால் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். மற்றவர்கள் கத்திச் சிரித்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். நீர் வாய்க்கு மேலே சால்வையைச் சுற்றியிருந்தீர். கழுத்தில் ஜெசிக்காவின் பிங்க் சிலேற்று தொங்கியது. யாரோ ஏதோ கேட்க, அதில் எழுதிக் காட்டினீர், இழுத்து அழித்தீர், திரும்பவும் எழுதினீர். அவர்கள் சிரித்தார்கள். உம்முடைய தோள் மட்டும் குலுங்கியது, சத்தம் இல்லை. பிறகு நீர் தனியே பாலத்தால் நடந்து போனீர்.

நான் அவ்வளவு காலமும் நினைத்தது, எங்களுக்குத் தராததை நீர் யாருக்கோ கொடுக்கிறீர் என்று. அங்கே நின்று பார்த்தேன், ஒருவருக்கும் இல்லை. உமக்கே இல்லை. மறுநாட் காலை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான காட்சி என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கூப்பிட்டிருந்தால் நீர் திரும்பியிருப்பீர், இஞ்சாருங்கோ என்று வாய் திறந்திருப்பீர். அந்தப் பிள்ளைகளின் பங்கை நான் எடுக்க விரும்பவில்லை. பேசாமல் ஸ்ரேசனுக்குப் போய்விட்டேன்.

போன கடிதத்தில் கேட்ட கேள்வியை மீள எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் கதைக்க ஆள் இருக்கிறது, சத்தத்தை நானும் ஜெசிக்காவும் போட்டுக்கொள்கிறோம்.

ஆனால் ஒன்று. "உங்கள் விருப்பம், உங்கள் விருப்பம்" என்று எழுதுகிறீரே, அது எனக்கு இனி வேண்டாம். அது தொண்டையைக் காப்பாற்றுகிற எழுத்து. கடிதத்தில் கத்தினால் தொண்டை நோகாது. அந்தச் சீமாட்டி, மொழி விளங்காத எனக்கே விளங்கும்படி, வேண்டியதைக் கேட்டாளே, அதுபோல உமக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் ஒருமுறை கேளும். எதுவானாலும் கேளும்.

எமில்

பி.கு. கதவு வாங்கிவிட்டேன். இன்னும் நிலையில் பூட்டவில்லை, சுவரில் சாய்ந்து நிற்கிறது.


ஜேர்மனி
4 ஜூன் 2005

எமில்,

எட்டு வருடத்தில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இதுதான் முதல்தரம். எழுதிவிட்டு, அறைக்குள் ஒருமுறை சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.

அந்த ஞாயிறு பாலத்தில் நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஏன் என்று தெரியாது. மரத்துக்குக் கீழே யாரோ நின்றதுபோல இருந்தது, வெயில் கண்ணில் அடித்தது. எத்தனையோ இரவு கனவில் உங்களை முன்வரிசையில் இருத்தியிருக்கிறேன். உண்மையில் நீங்கள் வந்து இருந்தது தூணுக்குப் பின்னால். வாசித்துவிட்டு அழுதேன், வாயைப் பொத்தாமல் அழுதேன். பேக்கரிக்கார அம்மா மேலே ஏறி வந்து பார்த்துவிட்டு, ஒரு பாண் தந்துவிட்டுப் போனா.

கேட்கச் சொன்னீர்கள். கேட்கிறேன்.

எனக்கு இந்தத் தொழில் வேண்டும். சனிக்கிழமை வகுப்பும் கோயில் குழுவும் எனக்குப் போதாது. போதும் என்று எழுதியது பொய். இந்தக் குரல் இருக்கும்வரை நான் மேடையில் நிற்க வேண்டும். மூன்று வருடத்துக்கும் கையெழுத்து வைக்கப்போகிறேன்.

எனக்கு நீங்களும் வேண்டும். கடிதத்தில் இல்லை, பக்கத்தில். நான் வாயைத் திறக்காத நாட்களில் எதிரே இருந்து நீங்கள் தியாகலிங்கத்தின் புதினம் சொல்ல வேண்டும். ஜெசிக்கா இங்கே பள்ளிக்கூடம் போக வேண்டும். பிரெஞ்சு பிடித்த பிள்ளைக்கு ஜேர்மன் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? என் பிள்ளையின் தலையை நான் பின்ன வேண்டும். இத்தனை மாதமாக என் கைகள் சும்மா இருக்கின்றன.

நான் எதைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். அந்த வீடு, அக்கா, கோயில், பத்து வருட வேலை. அந்த அறை, எமில். ஒவ்வொரு தக்கையும் நீங்கள் ஒட்டியது. அதில் நான் பாடுவேன் என்று நினைத்து நீங்கள் அடித்த ஆணிகளை எல்லாம் விட்டுவிட்டு வரச் சொல்கிறேன். நியாயமா என்று கேட்டால், இல்லை. இருந்தாலும் வாருங்கள். கதவைப் பூட்டிவிட்டு வாருங்கள். பிராங்போட்டிலும் பெட்டிகள் இருக்கின்றன, அவற்றையும் யாரோ தூக்கத்தான் வேண்டும்.

உங்கள் விருப்பம் என்று இந்தமுறை எழுதமாட்டேன். இது என் விருப்பம்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பத்தொன்பதாம் திகதி ஞாயிறு, உங்களுக்குக் காலை பூசை முடிந்து வரும் நேரம், நானே ரெலிபோன் எடுப்பேன். அன்று எனக்கு மேடை. இருந்தாலும் நான்தான் கதைப்பேன், இந்தக் கடிதத்தில் கேட்டதை வாயால் இன்னொருமுறை கேட்பேன். அன்று சீமாட்டிக்குக் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. றிசீவரில் விரலால் தட்டினால் போதும். காதோடு வைத்துக்கொண்டு நிற்பேன்.

யூஜினி